நஞ்சு எங்கே இருந்தது?

1

மாடு கன்று போட்டால் கன்று காளையா கிடாரியா என்று முதலில் பார்ப்பார்கள். அடுத்த கேள்வி, "இளங்கொடி விழுந்துடுச்சா?" அது விழும்வரை தொழுவத்தில் யாராவது காவல் இருக்க வேண்டும். மாடே தின்றுவிடக் கூடாது, நாய் இழுத்துக்கொண்டு போய்விடக் கூடாது. விழுந்ததும் வைக்கோலில் சுற்றி, சாக்கில் கட்டி, ஆலமரத்தில் தொங்கவிடுவார்கள். பால் வடியும் மரத்தில் கட்டினால் மாட்டுக்குப் பால் பெருகும் என்று நம்பிக்கை. மனிதருக்கு என்றால் வீட்டுக்குப் பின்னால் குழி தோண்டிப் புதைத்தார்கள். இப்போது ஆஸ்பத்திரியில் மஞ்சள் பையில் போட்டு எரிக்க அனுப்புகிறார்கள்.

நஞ்சு, நஞ்சுக்கொடி, நச்சுக்கொடி. ஒன்பது மாதம் ஓர் உயிருக்குச் சோறும் மூச்சும் கொடுத்த உறுப்புக்குத் தமிழில் விஷத்தின் பெயர். உடனே "பாத்தீங்களா, நம்ம முன்னோருக்கு அப்பவே தெரிஞ்சிருக்கு" என்று வாட்ஸப்பில் கிளம்பிவிட வேண்டாம். ஒரு சொல்லை வைத்துக்கொண்டு எதையும் நிரூபிக்க முடியாது. ஆனாலும் இந்தச் சொல்லைத் தாண்டிப் போகவும் மனம் வரவில்லை. காரணம், மேற்கத்திய மருத்துவம் பல பத்தாண்டுகள் கர்ப்பிணிகளின் ரத்தத்தில் ஒரு நஞ்சைத் தேடி அலைந்தது. அந்த நோய்க்கு வைத்த பெயரே 'கர்ப்ப நச்சுநிலை', டாக்ஸீமியா. தாயின் குடலில் தேடினார்கள், பல்லில் தேடினார்கள், சிறுநீரகத்தில் தேடினார்கள், அவள் சாப்பாட்டுத் தட்டில் தேடினார்கள். பிரசவம் முடிந்ததும் வாளியில் விழுந்த அந்தச் சதைத்துண்டை மிகச் சிலரே திரும்பிப் பார்த்தார்கள்.

இது அந்தத் தாமதத்தின் கதை.

2

முதலில் நோயைச் சொல்லிவிடுகிறேன். பெரும்பாலும் முதல் கர்ப்பம். ஐந்து மாதம் வரை எல்லாம் ஒழுங்காகப் போகும். ஏழாவது, எட்டாவது மாதத்தில் முகமும் கையும் வீங்கும். "கர்ப்பத்துல கால் வீங்கறது சகஜம்தானே" என்று வீட்டில் சொல்வார்கள். பல சமயம் அது உண்மையும்கூட. பிறகு தலைவலி. கண்ணில் பூச்சி பறப்பது மாதிரி வெளிச்சப் பொட்டுகள். மேல்வயிற்றில் வலி. சிலருக்கு அதோடு நிற்கும். சிலருக்கு ஒரு நாள் திடீரென்று வலிப்பு வரும். கண் செருகி, பல் கிட்டி, உடம்பு முறுக்கி, அப்புறம் நினைவு தப்பி விடும். தமிழ் மருத்துவ நூல்களில் இதற்குப் பெயர் சூல்வலிப்பு. அதற்கு முந்தைய நிலை முன்சூல்வலிப்பு. ஊர்ப்பேச்சில் 'ஜன்னி கண்டுடுச்சு' என்பார்கள்.

கிரேக்கர்கள் இதை அறிந்திருந்தார்கள். கர்ப்பிணிக்குத் தலைபாரமும் வலிப்பும் சேர்ந்து வந்தால் கெட்ட அறிகுறி என்று ஹிப்போகிரட்டீஸின் பெயரால் வழங்கும் ஏடுகளில் குறிப்பு இருக்கிறது. எக்ளாம்ப்சியா என்ற சொல்லும் கிரேக்கத்திலிருந்து வந்ததுதான். பொருள், பளிச்சென்ற ஒளி, மின்னல் வெட்டு. முன்னறிவிப்பு இல்லாமல் வருவதால் அந்தப் பெயர்.

17ஆம் நூற்றாண்டில் பாரிஸில் பிரசவம் பார்த்த பிரான்சுவா மோரிசோ, இது முதல் பிரசவக்காரிகளுக்கே அதிகம் வருகிறது என்று கவனித்து எழுதினார். அடுத்த நூற்றாண்டில் பிரெஞ்சு மருத்துவர் புவாசியே த சோவாஜ் இதைக் காக்காய் வலிப்பிலிருந்து பிரித்துக் காட்டினார். கவனித்தது சரி, செய்த வைத்தியம் ரத்தத்தை வடிப்பது. உடம்பில் ரத்தம் மிகுந்து தலைக்கேறியதால் வலிப்பு வருகிறது என்று நினைத்தார்கள். நரம்பைக் கீறிக் கிண்ணம் கிண்ணமாக எடுத்தார்கள். நம் ஊரில் வலிப்பு வந்தவர் கையில் சாவிக்கொத்தைத் திணிப்போம். ஒப்பிட்டுப் பார்த்தால் இரும்பு கொடுத்தவர்கள் குறைவாகவே கெடுதல் செய்திருக்கிறார்கள்.

3

அரசு ஆரம்ப சுகாதார நிலையத்துக்குப் போன கர்ப்பிணிகளைக் கேட்டால், "யூரின்ல சர்க்கரை, உப்பு பாத்தாங்க" என்று சொல்வார்கள். அந்த உப்பு நாம் சாப்பிடும் உப்பு இல்லை. அல்புமின் என்ற புரதம். முட்டையின் வெள்ளைக்கருவில் இருப்பதற்குச் சொந்தக்காரன். சூடுபடுத்தினால் அதைப் போலவே உறையும்.

இந்தச் சோதனைக்கு ஒரு பிறந்த இடம் உண்டு. லண்டனில் கய்ஸ் ஆஸ்பத்திரி. அங்கே ரிச்சர்ட் பிரைட் என்ற மருத்துவர் சிறுநீரகம் கெட்டவர்களின் சிறுநீரைக் கரண்டியில் எடுத்து மெழுகுவத்தியில் காட்டி, அது உறைவதைப் பார்த்தார். அதே ஆஸ்பத்திரியின் பிரசவப் பகுதியில் வேலை பார்த்த ஜான் லீவர், வலிப்பு வந்த பெண்களின் சிறுநீரைச் சோதித்து 1843இல் ஒரு கட்டுரை வெளியிட்டார். வலிப்பு வந்தவர்களிடம் அல்புமின் இருந்தது. பிரசவம் ஆனதும் அது மறைந்துபோனது.

இந்த இரண்டாவது வாக்கியம்தான் பொக்கிஷம். சிறுநீரகம் நிஜமாகவே கெட்டிருந்தால் குழந்தை பிறந்தவுடன் எப்படிச் சரியாகும்? சிறுநீரகம் இங்கே குற்றவாளி இல்லை, அடிபட்ட ஆள். அடித்தவன் பிரசவத்தோடு வெளியே போய்விடுகிறான். கதையின் முடிச்சு அவிழ வேண்டிய இடம் இதுவே. அவிழவில்லை.

1896இல் இத்தாலியில் ரிவா-ரோச்சி கையில் சுற்றும் பட்டையோடு ரத்த அழுத்தமானியைச் செய்தார். அடுத்த ஆண்டே பாரிஸில் வாக்கே, நோபெகூர் என்ற இருவர் சூல்வலிப்பில் ரத்த அழுத்தம் எகிறுவதைக் காட்டினார்கள். ஆக 20ஆம் நூற்றாண்டு பிறக்கும்போதே கையில் இரண்டு கருவிகள் இருந்தன. கர்ப்பிணியைக் கூப்பிட்டு உட்காரவைத்து, கையில் பட்டை கட்டி, சிறுநீரை வாங்கிப் பார்க்கும் வழக்கம் இங்கிருந்து வளர்ந்ததே. இன்றைக்கும் நாம் செய்வது அது. 20 வாரத்துக்குப் பிறகு புதிதாக 140/90ஐத் தொட்டால் எச்சரிக்கை மணி.

மணி அடித்தால் போதுமா? தீ எங்கே என்று தெரிய வேண்டாமா?

4

அங்கேதான் எல்லோரும் ஆளுக்கொரு திசையில் ஓடினார்கள். ஜெர்மானிய மகப்பேறு மருத்துவர் ஸ்வைஃபெல் இதைக் 'கோட்பாடுகளின் நோய்' என்றே அழைத்தார். குடலில் தேங்கிய கழிவின் விஷம் என்றார் ஒருவர். சொத்தைப்பல்லின் சீழ் என்றார் இன்னொருவர். தைராய்டு, கல்லீரல், கிருமி, வானிலை, இறைச்சி, எல்லாம் மேடை ஏறின. சிறுநீரகத்தின் மேலுறையை உரித்தெடுக்கும் அறுவைசிகிச்சை கூட நடந்தது. 1983இல்கூட, நுண்ணோக்கியில் ஒரு புழுவைப் பார்த்துவிட்டோம், இதுதான் காரணம் என்று ஒரு குழு அறிவித்தது. அதற்கு லத்தீன் பெயரும் சூட்டினார்கள். பிறகு பார்த்தால் அது உயிரே இல்லை, சோதனைக்கூடத்துக் கலப்படம்.

சிரிக்கலாம். ஆனால் ஒவ்வொரு கோட்பாடும் ஒரு பெண்ணின் உடம்பில் போய் இறங்கியது. விஷம் உணவால் வருகிறது என்றால் அவள் சோற்றைக் குறை. வீக்கம் உப்பால் வருகிறது என்றால் உப்பை நிறுத்து. உடம்பு நீர் கோத்தால் நீர் பிரிய மாத்திரை கொடு. 1960களில் மேற்கு நாடுகளில் ஏராளமான கர்ப்பிணிகள் நீர் பிரிக்கும் மாத்திரையை விழுங்கினார்கள். நோயைத் தடுக்க அது உதவவில்லை. எடை கூடினால் டாக்டரிடம் திட்டு. நோய் அவள் உடம்பில் இருக்கிறது என்று முடிவு செய்துவிட்டால், குற்றமும் அவள் நடத்தையில்தானே இருக்க வேண்டும்? "நீ ஒழுங்கா நடந்திருந்தா, ஒழுங்கா சாப்ட்ருந்தா..." இந்த வாக்கியத்துக்கு மொழிபெயர்ப்பு தேவைப்படாத ஊர் உலகத்தில் இல்லை.

சிகாகோ லையிங்-இன் ஆஸ்பத்திரியைப் பற்றி மகப்பேறு மருத்துவர்கள் ஒரு செய்தி சொல்வார்கள். அங்கே சுவரில் மகப்பேறு மருத்துவத்தின் பெரியவர்களுக்கு வரிசையாகக் கல்வெட்டுகள். ஒன்றில் மட்டும் பெயர் கிடையாது. இந்த நோயின் காரணத்தைக் கண்டுபிடிப்பவருக்காகக் காலியாக விட்டிருக்கிறார்கள்.

5

நஞ்சுக்கொடியை யாருமே பார்க்கவில்லை என்று சொன்னால் தப்பு. பார்த்தவர்கள் இருந்தார்கள். 1559இல் இத்தாலிய உடற்கூறாளர் ரியால்டோ கொலம்போ அதற்கு பிளசெண்டா என்று பெயர் வைத்தார். லத்தீனில் அதற்கு அர்த்தம் அடை, பணியாரம் மாதிரி தட்டையான ஒரு பலகாரம். ஏறக்குறைய அரைக்கிலோ எடை, ஒரு சாண் அகலம். 18ஆம் நூற்றாண்டில் வில்லியம் ஹண்டரும் அவர் தம்பி ஜானும் ரத்தக்குழாய்களில் நிறமூட்டிய மெழுகைச் செலுத்தி, தாயின் ரத்தமும் சேயின் ரத்தமும் நஞ்சுக்கொடிக்குள் பக்கத்தில் பக்கத்தில் ஓடினாலும் கலப்பதில்லை என்று காட்டினார்கள். யார் முதலில் கண்டது என்று 1780இல் தம்பி உரிமை கோர, அண்ணன் மறுக்க, அந்த வீட்டில் பேச்சுவார்த்தை நின்றுபோனது.

ஆனால் சூல்வலிப்பின் துப்பு வேறோர் இடத்திலிருந்து வந்தது. முத்துப்பிள்ளைக் கர்ப்பம் கேள்விப்பட்டிருப்பீர்கள். கருப்பையில் சிசு இருக்காது. நஞ்சுத் திசு மட்டும் திராட்சைக் கொத்து மாதிரி பெருகிக்கொண்டே போகும். இந்தப் பெண்களுக்கும் முன்சூல்வலிப்பு வந்தது. அதுவும் வழக்கத்தைவிடச் சீக்கிரமாக. அப்படியென்றால் நோய் வர சிசு தேவையில்லை.

இன்னொரு துப்பு. மிக அரிதாகக் கரு கருப்பைக்கு வெளியே, வயிற்றுக்குள் தங்கி வளரும். அப்போதும் இந்த நோய் வந்திருக்கிறது. ஆக, கருப்பையும் தேவையில்லை. சிசுவைக் கழித்தாயிற்று, கருப்பையைக் கழித்தாயிற்று. மிச்சம் என்ன?

எடின்பரோவில் ஜேம்ஸ் யங் 1914இல் நஞ்சுக்கொடியில் ரத்தம் கிடைக்காமல் செத்துப்போன திட்டுகளையும் இந்த நோயையும் முடிச்சுப் போட்டார். 1939இல் அமெரிக்காவில் எர்னஸ்ட் பேஜ், முத்துப்பிள்ளை, ரத்தக் குறைவு, சூல்வலிப்பு மூன்றையும் ஒரே வரிசையில் வைத்து, ஊற்று நஞ்சுக்கொடிதான் என்று எழுதினார். எழுதியதைப் படித்தார்கள், அடுத்த கோட்பாட்டுக்குப் போனார்கள். நஞ்சுக்கொடிக்குள் என்ன கெடுகிறது என்பதைக் கண்ணால் காட்ட யாராலும் முடியவில்லை.

அதைக் காட்டியது 1960களின் கடைசி. பெல்ஜியத்துக்காரர் ஈவோ புரோசென்ஸ், பிரிட்டனின் ராபர்ட்சன், டிக்சன். இவர்கள் நஞ்சுக்கொடியோடு நிற்காமல் அது ஒட்டியிருந்த நிலத்தைப் பார்த்தார்கள், அதாவது கருப்பையின் உள்சுவரை. அங்கே தாயின் ரத்தத்தைக் கொண்டுவரும் சிறு குழாய்கள் திருகுச்சுருளாக இருக்கும். சாதாரணக் கர்ப்பத்தில் நஞ்சுக்கொடியின் செல்கள் அந்தக் குழாய்களுக்குள்ளேயே புகுந்து, சுவரில் உள்ள தசையை அகற்றி, குழாயின் வாயைப் பல மடங்கு அகலப்படுத்திவிடும். வயலுக்குத் தண்ணீர் போதவில்லை என்று வாய்க்காலை வெட்டி மடையை அகலமாக்குவது மாதிரி. கர்ப்பத்தின் கடைசியில் கருப்பைக்கு நிமிடத்துக்கு அரை லிட்டருக்கு மேல் ரத்தம் போக வேண்டும். மடை அகலாமல் அது நடக்காது.

முன்சூல்வலிப்பு வந்த பெண்களிடம் மடை அகலவே இல்லை. செல்கள் பாதி வழியில் நின்றிருந்தன. குழாய்கள் குறுகியே கிடந்தன. 1967லும் 1972லும் வந்த இவர்களுடைய கட்டுரைகள் சொன்னது சுருக்கமாக இதுதான்: ஏழாம் மாதத்தில் தெரியும் நோய் முதல் சில மாதங்களிலேயே தொடங்கிவிட்டது. தலைவலி வந்த அன்று அவள் என்ன சாப்பிட்டாள் என்று விசாரிப்பதில் பொருளே இல்லை.

6

இன்னும் ஒரு படி பாக்கி. மூலையில் ஒரு நஞ்சுக்கொடி மூச்சுத் திணறுகிறது, சரி. அதற்குத் தாயின் மூளையும் சிறுநீரகமும் கல்லீரலும் ஏன் அடி வாங்க வேண்டும்? 1989இல் ஜேம்ஸ் ராபர்ட்ஸும் சகாக்களும், இது ரத்தக்குழாய்களின் உள்பூச்சு கெடும் நோய் என்றார்கள். உள்பூச்சு எல்லா உறுப்பிலும் இருக்கிறது. அதனால் எல்லா உறுப்பும் சேர்ந்து விழுகிறது. அப்படியானால் நஞ்சுக்கொடியிலிருந்து ஏதோ ஒன்று கிளம்பிப்போய் அந்தப் பூச்சைக் கெடுக்க வேண்டும். எது?

சென்னை மருத்துவக் கல்லூரியில் படித்துவிட்டு அமெரிக்கா போன அனந்த் கருமாஞ்சி, அப்போது பாஸ்டனில் சிறுநீரக மருத்துவராக இருந்தார். பிரசவம் அவர் துறையே இல்லை. ஒருவேளை அதுவே உதவியிருக்கலாம். அவர் குழு நோயுற்ற நஞ்சுக்கொடிகளில் எந்த மரபணு அளவுக்கு மீறி வேலை செய்கிறது என்று தேடியது. எஸ்-ஃப்ளிட்-1 என்ற புரதம் மாட்டியது. ரத்தக்குழாய்களின் உள்பூச்சு உயிரோடு இருக்க ரத்தத்தில் சில வளர்ச்சிக் காரணிகள் சுற்றிக்கொண்டிருக்க வேண்டும். இந்தப் புரதம் அவற்றைப் பிடித்துக் கட்டிப்போட்டுவிடுகிறது. அதே காரணியை மறிக்கும் புற்றுநோய் மருந்தை வாங்கிய சிலருக்கு ரத்த அழுத்தம் ஏறி, சிறுநீரில் புரதம் போனது என்ற செய்தியும் இதோடு பொருந்தியது. 2003இல் ஷாரன் மேனார்டை முதல் ஆசிரியராகக் கொண்டு வெளிவந்த ஆய்வில், கர்ப்பிணி எலிகளுக்கு இந்தப் புரதத்தைக் கொடுத்தார்கள். அழுத்தம் ஏறியது. சிறுநீரில் 'உப்பு' போனது. சிறுநீரகத்தில் முன்சூல்வலிப்புக்கே உரிய மாற்றம் தெரிந்தது. கர்ப்பம் இல்லாத எலிக்கும் அழுத்தம் ஏறியது.

அடுத்த ஆண்டு, பெண்களின் ரத்தத்தில் இந்தப் புரதம் அறிகுறிகள் தெரிவதற்கு ஏறக்குறைய 5 வாரம் முன்பே ஏறத் தொடங்குவதைக் காட்டினார்கள். பல பத்தாண்டுகள் தேடிய 'நஞ்சு' என்று ஒன்று உண்டென்றால் இதுவே அதற்கு மிக அருகில் வருகிறது. உண்மையில் இது விஷமும் அல்ல. பசித்த நஞ்சுக்கொடி, தாயின் ரத்தத்தில் அளவு தாண்டிக் கொட்டும் ஒரு புரதம்.

இங்கே மறக்கக் கூடாத ஒன்று: நஞ்சுக்கொடி சேயின் பங்கு. அந்தத் திசுவில் அப்பாவின் மரபணுவும் பாதி. 2001இல் யூட்டாவில் நடந்த ஆய்வில், முன்சூல்வலிப்புக் கர்ப்பத்தில் பிறந்த ஆண்கள் அப்பாவாகும்போது அவர்கள் மனைவிக்கு அது வரும் வாய்ப்பு ஏறக்குறைய இரண்டு மடங்கு என்று தெரிந்தது. தாயின் உடல்நிலைக்குப் பங்கே இல்லை என்று இதற்கு அர்த்தமில்லை. ஏற்கெனவே ரத்த அழுத்தம், சர்க்கரை, சிறுநீரகக் கோளாறு, அதிக உடல் எடை இருந்தால் ஆபத்து கூடுகிறது. ஆனால் "எங்க வம்சத்துல யாருக்கும் இப்படி வந்ததில்ல" என்று மருமகளைப் பார்த்துச் சொல்லும் மாமியார், தன் பிள்ளையைச் சுமந்த மாதங்களையும் ஒருமுறை நினைத்துப் பார்க்கலாம்.

7

காரணத்தை நெருங்கிவிட்டோம். வைத்தியம்? அது லீவர் காலத்தில் இருந்த இடத்திலேயே இருக்கிறது. நஞ்சுக்கொடியை வெளியே எடுப்பது ஒன்றுதான் நோயை அடியோடு நிறுத்தும். 37 வாரத்தில் இது எளிய முடிவு. 27 வாரத்தில் கொடூரமான முடிவு. உள்ளே விட்டால் தாய்க்கு ஆபத்து, எடுத்தால் ஒரு கிலோகூட இல்லாத குழந்தைக்கு ஆபத்து. இரண்டுக்கும் நடுவில் ஒவ்வொரு நாளாக எண்ணிக்கொண்டு ஒரு குடும்பம் வராண்டாவில் உட்கார்ந்திருக்கும்.

அந்த நாட்களைக் கூட்ட சில வழிகள் வந்திருக்கின்றன. வலிப்பைத் தடுக்க மெக்னீசியம் சல்ஃபேட். பேதி உப்பு என்று மருந்துக்கடையில் கிடைக்குமே, அதே உப்புதான், ஊசி வடிவில். 1920களிலேயே பயன்பாட்டுக்கு வந்தது. ஆனால் மற்ற மருந்துகளைவிட இது மேல் என்று ஐயமறத் தெரிந்தது 1995இல். 2002இல் 33 நாடுகளில் 10,000க்கும் மேற்பட்ட பெண்களிடம் நடந்த மேக்பை ஆய்வு, வலிப்பு வரும் அபாயத்தை அது பாதிக்கு மேல் குறைப்பதைக் காட்டியது. மலிவான மருந்து. சரியான பரிசோதனை, பெரிய கம்பெனிகளுக்கு லாபமில்லாத ஒரு மருந்துக்கு நடக்க இத்தனை காலம் ஆனது.

ஆபத்து அதிகமுள்ள பெண்களுக்கு 16 வாரத்துக்கு முன்பே குறைந்த அளவு ஆஸ்பிரின் தொடங்கினால், 37 வாரத்துக்கு முன் வரும் கடுமையான வகை வெகுவாகக் குறைகிறது என்று 2017இல் ஓர் ஆய்வு காட்டியது. மருத்துவர் சொல்லித்தான் எடுக்க வேண்டும், நாமாக மாத்திரை வாங்கிப் போடுவது கூடாது. எஸ்-ஃப்ளிட்-1 அளவைக் கணக்கிடும் ரத்தப் பரிசோதனைக்கு 2023இல் அமெரிக்கா அனுமதி கொடுத்தது. ஆனால் நஞ்சுக்கொடியின் செல்கள் முதலில் ஏன் பாதி வழியில் நின்றன என்ற கேள்விக்கு இன்னும் முழுப் பதில் கிடையாது. 2014இல் அமெரிக்க அரசின் ஆய்வு நிறுவனம் நஞ்சுக்கொடிக்கென்று ஒரு பெரிய திட்டத்தைத் தொடங்கியபோது, மனித உடம்பில் மிகக் குறைவாகப் புரிந்துகொள்ளப்பட்ட உறுப்பு என்று இதைத்தான் சொன்னது. இதயத்துக்கு ஒரு துறை, மூளைக்கு ஒரு துறை, நகத்துக்குக்கூட டாக்டர் உண்டு. இது தாயுடையதா சேயுடையதா என்றே தெளிவில்லாததால், வேலை முடிந்ததும் யாருக்கும் வேண்டாத பொருளாகிவிட்டது.

'நஞ்சு விழுந்துடுச்சா' என்ற பழைய கேள்விக்கு 'ஆச்சு' என்று பதில் வந்ததும் வீடு நிம்மதியாகும். எல்லோரும் தொட்டில் பக்கம் திரும்புவார்கள். ஆனால் அது கொட்டியது தாயின் ரத்தத்திலிருந்து வடிய நாளாகும். சூல்வலிப்பில் ஒரு பங்கு பிரசவத்துக்குப் பிறகே வருகிறது. முதல் இரண்டு நாளில் அதிகம், சிலருக்குச் சில வாரம் கழித்தும். அந்த நாட்களில் பெற்றவள் தலை வலிக்கிறது, கண் மங்குகிறது என்று சொன்னால், தூக்கம் இல்லாததால்தான் என்று தைலம் தேய்த்துவிட்டு விடாதீர்கள். ஒருமுறை பிபி பாருங்கள்.